உலக கோர்ட்டு சொன்னது வெறும் அட்வைஸா? ஒரு பழைய வக்கீல் குமாஸ்தாவோட கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நடுப்பக்கத்துல, பருவநிலை மாற்றத்தால வர்ற சேதத்துக்கு நாடுகள் நஷ்டஈடு குடுக்கணுமா, ஹேக் நகரத்துல இருக்கிற உலக கோர்ட்டு, அதான் சர்வதேச நீதிமன்றம், என்ன சொல்லியிருக்குன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கு வந்த வாசகர் கடிதம் மூணுலயும் ஒரே பாட்டு, அது ஆலோசனைக் கருத்துதானே, டிகிரியா (கட்டாயத் தீர்ப்பாணையா) என்ன, அமெரிக்காக்காரன் இதையெல்லாம் தூசிக்குக்கூட மதிக்க மாட்டான், வெட்டி வேலைன்னு. மூணாவது ஆள் ஒரு படி மேல போயி அந்தக் காகிதத்துல வடை மடிக்கலாம்னு எழுதியிருந்தார். படிச்சுட்டு சிரிச்சேன், அப்புறம் கொஞ்சம் கோவமும் வந்துச்சு, அதான் இந்தக் கடிதம்.

நான் நாகப்பட்டினம் பக்கம் 31 வருஷம் ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தவன் சார். சட்டம் படிக்கல. ஆனா பிராது டைப் அடிச்சதுலேர்ந்து, வாய்தா வாங்கி, டிகிரி வாங்கி, ஈபி (டிகிரியை நிறைவேத்தித் தரச் சொல்ற மனு) போட்டு, கோர்ட்டு சிப்பந்தி அமீனாவைக் கூட்டிக்கிட்டுப் போயி எதிராளி வாசல்ல நின்னது வரைக்கும் எல்லாம் பாத்தாச்சு. பேரன் அந்த ஹேக் கோர்ட்டு கருத்தை டவுன்லோட் பண்ணிக் குடுத்தான், நூத்துச் சொச்சம் பக்கம், பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டுக்கிட்டு வந்து பத்து நாளா திண்ணையில உக்காந்து படிச்சேன். பழக்கதோஷம், கையில சிவப்பு பேனா இல்லாம கோர்ட்டு காகிதம் படிக்க வராது.

முதல்ல அந்த "அட்வைஸ்தானே" விஷயம். ஆமா, 2025 ஜூலை 23 அன்னைக்கு சர்வதேச நீதிமன்றம் சொன்னது யாரையும் நேரடியா கட்டுப்படுத்தாது, ஐநா பொதுச்சபை கேள்வி கேட்டுச்சு, கோர்ட்டு பதில் சொல்லிச்சு, அவ்வளவுதான். ஆனா பதில்ல இருக்கிற சட்டம் இருக்கு பாருங்க, அது ஏற்கனவே எல்லா நாட்டையும் கட்டுப்படுத்துற சட்டம். புதுசா எதையும் உண்டாக்கல, இருக்கிறதைப் படிச்சுக் காட்டியிருக்காங்க. நம்ம ஊர்லயே பாருங்க, ஹைகோர்ட்டு யாரோ ஒருத்தரோட கேஸ்ல சட்டம் இதுதான்னு சொல்லிட்டா, என் கேஸ்ல நான் அங்க கட்சிக்காரனே இல்லன்னாலும் கீழ்கோர்ட்டு நீதிபதி முன்சீஃப் அதைத் தாண்டி எழுத மாட்டார். அந்த மாதிரி வெச்சுக்குங்க. அதுலயும் 15 நீதிபதியும் ஒருமனதா, ஒருத்தர்கூட மாத்தி ஓட்டு போடல, நம்ம நாட்டு நீதிபதி தல்வீர் பண்டாரி உள்பட.

இந்தியப் பெருங்கடல்ல பிரிட்டன் கையில இருந்த சாகோஸ் தீவு கதை ஞாபகம் இருக்கா? 2019 பிப்ரவரியில இதே கோர்ட்டு, அந்தத் தீவுகளை பிரிட்டன் மொரீஷியஸ்கிட்ட குடுத்துட்டு வெளிய போகணும்னு சொல்லிச்சு. அதுவும் அட்வைஸ்தான், பிரிட்டனும் அப்ப அட்வைஸ்தானேன்னுதான் சொன்னாங்க. ஆறு வருஷம் கழிச்சு 2025 மே மாசம் மொரீஷியஸோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, டியேகோ கார்சியா ராணுவ தளத்தை மட்டும் 99 வருஷ குத்தகைக்கு எடுத்துக்கிறோம்னு. கோர்ட்டு சொன்னது ஒண்ணாலதான் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது இல்லாம அந்தப் பேச்சே ஆரம்பிச்சிருக்காது. வடை மடிக்கிற காகிதம் இந்த வேலை செய்யுமா சார்.

இந்தக் கேஸ் வந்த கதை உங்க கட்டுரையில ஒரே வரியில முடிஞ்சு போச்சு, எனக்கு அதுல வருத்தம். வனுவாட்டுன்னு ஒரு நாடு, பசிபிக் கடல்ல, மொத்த ஜனத்தொகையே மூணு லட்சம் சொச்சம். அங்க போர்ட் விலாவுல இருக்கிற பல்கலைக்கழக வளாகத்துல 2019ல சட்டம் படிச்ச 27 பசங்க, பசிபிக் நாடுகள் பலதுலேர்ந்து வந்தவங்க, இந்த விஷயத்தை உலக கோர்ட்டுக்கு கொண்டு போகணும்னு பேசி, பசிபிக் நாட்டு அரசாங்கங்களுக்கெல்லாம் லெட்டர் போட்டாங்க. வனுவாட்டு அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அந்த நாட்டுக்கு இது புதுசும் இல்ல, 1991லயே கடல் மட்டம் ஏறுறதால முழுகுற நாடுகளுக்கு பணக்கார நாடுகள் பணம் போட்டு ஒரு இன்சூரன்ஸ் நிதி வைக்கணும்னு சின்னத் தீவு நாடுகள் சார்பா கேட்டது அவங்கதான், யாரும் காதுல வாங்கல. அப்புறம் 2015 மார்ச்சுல பாம் புயல் ஒரே அடியில அந்த நாட்டோட ஒரு வருஷ மொத்த வருமானத்துல 60 சதவீதத்துக்கு மேல சேதம் பண்ணிட்டுப் போச்சு. 2023 மார்ச்சுல மூணு நாளைக்குள்ள ரெண்டு புயல், ஜூடி, கெவின்னு. அதே மாசம் 29ஆம் தேதி ஐநா பொதுச்சபையில தீர்மானம் வந்துச்சு, 132 நாடு சேந்து கொண்டு வந்தது, ஓட்டெடுப்பே இல்லாம நிறைவேறிச்சு. பங்களாதேஷ் முன்வரிசையில நின்னுச்சு. நம்ம நாடு பேரு அந்த 132ல இல்ல. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

2024 டிசம்பர்ல ஹேக்ல ரெண்டு வாரம் வாதம். 96 நாடு, 11 அமைப்பு எழுந்து நின்னு பேசியிருக்கு, அந்த கோர்ட்டு சரித்திரத்துலயே இவ்வளவு கூட்டம் இல்லையாம். அந்த 27 பேர்ல ஒருத்தி, சாலமன் தீவு பொண்ணு சிந்தியா ஹூனியூஹி, நீதிபதிங்க முன்னாடி நின்னு பேசிச்சு. நான் பாத்த எத்தனையோ ஜூனியர் வக்கீல் முதல் நாள் முன்சீஃப் முன்னாடியே நாக்கு ஒட்டிக்கிட்டு நின்னிருக்காங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். பெரிய நாடுங்க எடுத்த முதல் டிஃபென்ஸ் என்னன்னா, புகையைக் குறைக்கிறதுக்கு பாரிஸ் ஒப்பந்தம் இருக்கு, அதுக்கு முன்னாடி 1992ல போட்ட ஐநா பருவநிலை ஒப்பந்தம் இருக்கு, இதுக்குன்னு தனியா சட்டம் போட்டாச்சு, அதுக்கு வெளிய பொறுப்பு கிறுப்புன்னு பேசாதீங்க. இது கெட்டிக்காரத்தனமான வாதம், ஏன்னா பாரிஸ்ல 2015ல அந்த சேதம் பத்தின பிரிவை ஒத்துக்கும்போதே, இதை வெச்சு யாரும் நஷ்டஈடு கேக்க முடியாதுன்னு ஒரு வரியை தனியா எழுதி வாங்கிக்கிட்டாங்க. ஆனா துவாலு, நவ்ரு மாதிரி தீவுங்க கையெழுத்து போடும்போதே, நாங்க இதுல கையெழுத்து போடுறதால வேற சட்டத்துல எங்களுக்கு இருக்கிற உரிமையை விட்டுக் குடுக்கலன்னு குறிப்பு எழுதிட்டுத்தான் போட்டாங்க. எங்க சீனியர் வக்கீல் சொல்லுவார், பணம் வாங்கும்போது ரசீதுல "ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வார்த்தை எழுதிடுடா, பத்து வருஷம் கழிச்சு சோறு போடும்னு. அது சோறு போட்டிருக்கு. ஒப்பந்தம் மட்டும்தான் சட்டம்ங்கிற வாதத்தை கோர்ட்டு ஏத்துக்கல. தன் எல்லைக்குள்ள நடக்கிற காரியம் அடுத்தவன் நாட்டுக்கு பெரிய சேதம் பண்ணாம பாத்துக்கணும்ங்கிறது வழக்காறா வந்த சட்டம், ஒப்பந்தத்துலேர்ந்து வெளிய போனவனுக்கும் அது உண்டுன்னுட்டாங்க. அமெரிக்கா பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டுப் போறேன்னு சொன்ன அதே வருஷம் இது வந்ததுதான் விசேஷம்.

இந்த சட்டம் எவ்வளவு பழசு தெரியுமா? கனடாவுல டிரெயில்னு ஒரு ஊர்ல துத்தநாகமும் ஈயமும் உருக்குற ஆலை, அதோட கந்தகப் புகை எல்லை தாண்டி அமெரிக்காவுல வாஷிங்டன் மாகாணத்து விவசாயிங்க பயிரைக் கருக்கிடுச்சு. கேஸ் போட்டது அமெரிக்கா! நடுவர் மன்றம் 1938ல 78,000 டாலர் நஷ்டஈடு குடுக்கச் சொல்லி, 1941ல எந்த நாட்டுக்கும் தன் மண்ணுலேர்ந்து வர்ற புகையால அடுத்த நாட்டைக் கெடுக்கிற உரிமை இல்லன்னு எழுதி வெச்சுட்டுப் போச்சு. அன்னைக்கு புகைக்கு காசு வாங்கினவங்க இன்னைக்கு பொறுப்புன்னு சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க.

ரெண்டாவது டிஃபென்ஸ்தான் எனக்கு ரொம்பப் பழக்கமானது. புகை விட்டது நான் ஒருத்தனா, ஊரு பூரா விட்டிருக்கு, வானத்துல எல்லாம் ஒண்ணாக் கலந்து போச்சு, என் புகைதான் உன் வீட்டை முழுக்கிச்சுன்னு எப்படி நிரூபிப்ப?

இதைப் படிச்சதும் எங்க சித்தப்பா கேஸ்தான் ஞாபகம் வந்துச்சு. 1993 வாக்குல எங்க பக்கம் எங்க பாத்தாலும் இறால் குட்டை வெட்டினாங்க. சித்தப்பாவுக்கு வடிகால் வாய்க்கால் ஓரமா ஆறு மா நிலம். மேல்பக்கம் அஞ்சு பேர் குட்டை வெட்டி, கடல் தண்ணிய மோட்டார் வெச்சு ஏத்தி, இறால் புடிச்சதும் அந்தத் தண்ணிய அப்படியே வாய்க்கால்ல திறந்து விட்டுருவாங்க. ரெண்டே போகத்துல நெல்லு நுனி கருகி, வயலைப் பாத்தா விடிகாலையில சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையா உப்பு பூத்து நிக்கும். கேஸ் போட்டோம். அஞ்சு பேரும் அஞ்சு வக்கீல். ஒருத்தன் சொல்றான் எனக்கு ரெண்டு குட்டைதான், அவனுக்கு நாலு. இன்னொருத்தன் சொல்றான் கடலோரத்துல உப்பு தானாத்தான் ஏறும். மூணாவது ஆள், நான் வர்றதுக்கு முன்னாடியே வாய்க்கால் உப்பு. இடத்தைப் பாத்து ரிப்போர்ட் குடுக்க கோர்ட்டு கமிஷனர்னு ஒரு சின்ன வயசு வக்கீல் டிவிஎஸ் 50ல வந்தார், வரப்புல குந்தி மூணு ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி மொண்டுக்கிட்டு, விரலை விட்டு நாக்குல வெச்சுப் பாத்து, உப்புன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டுல குதிச்சார் பாருங்க, நாக்கு என்ன சாட்சியான்னு. அப்புறம் லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கினோம். கடைசியில முன்சீஃப் எழுதினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, எவன் உப்பு எந்த கதிரைக் கருக்கிச்சுன்னு பிரிக்க முடியாதுங்கிறதுக்காக அஞ்சு பேரும் தப்பிச்சுட முடியாது, யார் யார் மோட்டார் எவ்வளவு இறைச்சுதுன்னு கணக்கு இருக்கு, அந்தப் பங்குக்குக் கட்டட்டும்னு.

ஹேக்ல சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான் சார். பல நாடு சேந்து சேதம் பண்ணியிருந்தாலும் ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியா கேள்வி கேக்கலாம், எந்த நாடு இதுவரைக்கும் எவ்வளவு விட்டிருக்கு, இப்ப எவ்வளவு விடுதுன்னு விஞ்ஞானத்துல கணக்கு எடுக்க முடியும்னு சொல்லியிருக்காங்க. ஆனா நஷ்டஈடுன்னு வந்தா, அந்த நாட்டோட தப்புக்கும் இந்த சேதத்துக்கும் போதுமான அளவுக்கு நேரடியான, நிச்சயமான தொடர்பு இருக்குன்னு ஒவ்வொரு கேஸ்லயும் தனியா காட்டியாகணும், கஷ்டம், ஆனா முடியாததில்லன்னு வெச்சிருக்காங்க. இன்னொண்ணு, இதை நிறைய பேரு மாத்திப் புரிஞ்சுக்கிறாங்க, புகை விடுறதே குத்தம்னு கோர்ட்டு சொல்லல. தடுக்க வேண்டிய கடமையைச் செய்யாம விடுறதுதான் குத்தம். நிலக்கரி, எண்ணெய் எடுக்கிறது, எரிக்கிறது, புதுசா தேட லைசென்ஸ் குடுக்கிறது, மானியம் குடுக்கிறது, இதுல எல்லாம் ஒரு அரசாங்கம் சரியான நடவடிக்கை எடுக்கலன்னா அது சர்வதேச சட்டப்படி தப்பாகலாம். தனியார் கம்பெனிதான் பண்ணிச்சுன்னு தட்டிக் கழிக்கவும் முடியாது, கம்பெனியைக் கட்டுப்படுத்தறதும் அரசாங்கத்தோட கடமைன்னு வெச்சுட்டாங்க.

அப்ப ஏன் நாளைக்கே வனுவாட்டு போயி கேஸ் போடலைன்னு கேப்பீங்க. அங்கதான் அந்த மூணு கடிதக்காரங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு. அந்த கோர்ட்டுல பிரதிவாதி சம்மதம் இல்லாம கேஸ் நடக்காது. நம்ம ஊரு மாதிரி சம்மன் அனுப்பி, வரலன்னா எக்ஸ்பார்ட்டின்னு ஆள் இல்லாமலே தீர்ப்பு போட முடியாது. கேஸ் வந்தா நிப்போம்னு முன்கூட்டியே பொதுவா ஒரு சம்மதம் குடுத்து வைக்கலாம், அமெரிக்கா 1985ல நிகரகுவா தன் மேல போட்ட கேஸ் கோவத்துல அந்தப் பொதுவான சம்மதத்தை வாபஸ் வாங்கிட்டு இன்னும் திரும்பக் குடுக்கல. சீனா, ரஷ்யா கிடையவே கிடையாது. ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா சம்மதம் குடுத்திருக்கு, அதுலயும் நிபந்தனை உண்டு. இந்தியாவும் குடுத்திருக்கு, ஆனா காமன்வெல்த் (பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளோட கூட்டமைப்பு) நாடு எதுவும் நம்ம மேல கேஸ் போட முடியாதுன்னு விலக்கு வெச்சிருக்கு. வனுவாட்டு காமன்வெல்த் நாடு. துவாலுவும்தான். ஆக அந்த வாசலையே நாம அடைச்சு வெச்சிருக்கோம்.

பணம் எவ்வளவு வரும்ங்கிறதுலயும் கனவு காண வேணாம். இந்த கோர்ட்டு சுற்றுச்சூழல் சேதத்துக்குன்னு முதன்முதலா நஷ்டஈடு போட்டது 2018ல, கோஸ்டாரிகாவோட ஈரநிலத்துல நிகரகுவா வாய்க்கால் வெட்டி மரத்தை வெட்டின கேஸ்ல. செலவெல்லாம் சேத்து மொத்தம் 3,78,890 டாலர் 59 சென்ட். அந்த 59 சென்ட்டை விடாம எழுதினதைப் பாத்ததும் எங்க கோர்ட்டு தலைமை குமாஸ்தா சிரஸ்தார் ஞாபகம் வந்துச்சு. கோர்ட்டே வேணாம், பேசித் தீத்துக்கலாம்னு 2022ல எகிப்துல ஷார்ம் எல் ஷேக் பருவநிலை மாநாட்டுல, சேதப்பட்ட ஏழை நாடுகளுக்கு உதவ இழப்பு நிதின்னு ஒண்ணு ஒத்துக்கிட்டாங்களே, அதுக்கு உலகம் பூரா சேந்து 2025 நடுவுல வரைக்கும் தர்றோம்னு வாயால சொன்னதே 100 கோடி டாலர் எட்டல. அமெரிக்கா சொன்ன பங்கு 1.75 கோடி டாலர், 2025 மார்ச்சுல அந்த நிதியோட போர்டுலேர்ந்தே எழுந்து போயிட்டாங்க.

இதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயமா? வேலூர் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்தைக் கெடுத்த கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட்டு, மாசு பண்றவன்தான் காசு கட்டணும்ங்கிற கொள்கையை நம்ம நாட்டுச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல இறால் பண்ணை கேஸ்லயும் அதையே சொன்னாங்க, காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா போட்ட கேஸ், எங்க பக்கத்துக்காரங்க யாரும் மறக்க மாட்டோம், எங்க சீனியர் அந்தத் தீர்ப்பு நகலைத்தான் சித்தப்பா கேஸ்ல கடைசியில தாக்கல் பண்ணினார். ஆனா பாருங்க, வேலூர் விவசாயிங்களுக்கு நஷ்டஈடு குடுத்து முடிங்கன்னு 2025 ஜனவரியிலயும் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. 28 வருஷத்துக்கு மேல. சித்தப்பா கேஸ்லயும் ஈபி போடுறதுக்குள்ள ரெண்டு பேர் குட்டையை வித்துட்டுப் போயிட்டான், சித்தப்பாவும் போய்ச் சேந்துட்டார், சித்தப்பா மகன் கைக்கு வந்தது ஒரே ஒரு தவணை. அதனால டிகிரி வீண்னு நான் சொல்ல மாட்டேன் சார். டிகிரிக்கு அப்புறம் எங்க ஊர்ல ஒருத்தன்கூட வாய்க்கால்ல பகல்ல தண்ணி திறக்கல. ராத்திரி திறந்தான், அது வேற.

இப்ப நம்ம நாடு. டிசம்பர்ல ஹேக்ல இந்தியா பேசினது என்னன்னா, கெடுத்தது பணக்கார நாடுங்க, எங்க பங்கு கம்மி, அதனால பொறுப்பும் அவங்களுக்குத்தான் அதிகம், ஆனா கோர்ட்டு இருக்கிற ஒப்பந்தங்களைத் தாண்டி புதுசா கடமை எதையும் கிளப்பக்கூடாது. முதல் பாதி நியாயம். ஒரு அமெரிக்கன் வருஷத்துக்கு சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு விடுறான், நம்ம ஆளு சுமார் 2 டன். கோர்ட்டும் வளர்ந்த நாடுங்கதான் முன்னாடி நடக்கணும்னு ஒத்துக்கிச்சு. ரெண்டாவது பாதிதான் எனக்கு உறுத்துது. அமெரிக்கா சொன்ன அதே வாதத்தை, அதே கோர்ட்டுல, நாமளும் சொல்லியிருக்கோம். இத்தனைக்கும் சுந்தரவனத்துல வீடு இழந்தவனும் நம்ம ஆளு, ஒக்கி புயல்ல கடல்ல போனவனும் நம்ம ஆளு. வாதியா உக்கார வேண்டிய இடத்தை விட்டுட்டு எதுக்கு பிரதிவாதி பெஞ்சுல போயி உக்காந்தோம்? காரணம் சும்மா இல்ல. மொத்தமாப் பாத்தா இன்னைக்கு புகை விடுறதுல வருஷக் கணக்குல உலகத்துல மூணாவது இடம் நாமதான், 2024-25ல 100 கோடி டன்னுக்கு மேல நிலக்கரி வெட்டியிருக்கோம். கோர்ட்டு இன்னொரு வரியும் எழுதியிருக்கு, வளர்ந்த நாடு, வளரும் நாடுங்கிற பேரு நிரந்தரம் இல்ல, அப்பப்ப உள்ள நிலவரத்தைப் பொறுத்ததுன்னு. அந்த வரிக்குக் கீழ ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கேன்.

என் கேள்வி இதுதான். ஹேக்ல நாம என்ன பேசணும்ங்கிறது எங்க முடிவாச்சு? நம்ம எழுத்து வாதம் அந்த கோர்ட்டு சைட்ல யார் வேணா எடுத்துப் படிக்கலாம், ஆனா இங்கிலீஷ், பிரெஞ்சுலதான் இருக்கு. கடலோர மீனவனுக்கும் டெல்டா விவசாயிக்கும் அவங்க பேர்ல என்ன வாதம் வெச்சாங்கன்னு தெரிய வேணாமா? உங்க பத்திரிகையாவது அதைத் தமிழ்ல ஒரு பக்கம் போடலாம், வர்ற கூட்டத்தொடர்ல நம்ம எம்பிங்க யாராவது அந்த காமன்வெல்த் விலக்கு இன்னும் எதுக்குன்னு ஒரு கேள்வி எழுப்பலாம்.

கடைசியா உங்க கட்டுரையிலயும் ஒரு தப்பு. "நஷ்டஈடு கட்ட உலக நீதிமன்றம் உத்தரவு"ன்னு தலைப்பு வெச்சிருந்தீங்க. அது உத்தரவு இல்ல, எந்த நாட்டையும் பேரு சொல்லி குத்தவாளின்னு சொல்லல, தொகையும் போடல. தப்பு பண்ணினா என்னென்ன வரும்னுதான் சொல்லியிருக்கு, நிறுத்தணும், திரும்ப நடக்காதுன்னு உறுதி குடுக்கணும், பழையபடி ஆக்கணும், முடியலன்னா காசு கட்டணும். தலைப்பு போடுறவர் அவசரத்துல போட்டிருப்பார், ஆனா அந்தத் தலைப்பைப் பாத்துட்டுத்தான் அந்த மூணு பேரும் கிண்டல் பண்ணி எழுதினாங்க. முடிஞ்சா நாளைக்கு ஒரு சின்ன திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
நாகப்பட்டினம் மாவட்டம்